பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிழல்

கடல் கடந்து வந்து இறங்கிய அக்ரா நகரத்தில் நயினார் முதன்முதலாக உற்றுப் பார்த்தது நிழல் இல்லாமல் நடந்துபோன ஒரு பெண்ணை. விமான நிலையத்திலிருந்து பால்துரை அண்ணாச்சி ஓட்டிவந்த பிக்கப் வண்டி ஒரு சிக்னலில் நின்றிருந்தது. காலை வெயில் சாய்வாக விழுந்து விளக்குக் கம்பத்துக்கு நிழல் இருந்தது, கம்பத்தடியில் படுத்திருந்த ஆட்டுக்கு நிழல் இருந்தது, தண்ணீர்ப் பாக்கெட்டுகளைத் தலையில் அண்டா நிறையச் சுமந்து வண்டிகளுக்கு இடையே ஓடி ஓடி விற்ற பெண்களுக்கெல்லாம் நிழல் இருந்தது. மஞ்சள் துணி உடுத்தி நிமிர்ந்த நடையில் சாலையைக் கடந்த அந்த ஒருத்தியின் காலடியில் மட்டும் வெறும் செம்மண் தூசிதான் கிடந்தது.

"அண்ணாச்சி, அந்தம்மாவுக்கு நிழலக் காணோம்."

பால்துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கயாவது வச்சிட்டு வந்திருப்பா. நீ பெல்ட்டப் போடு தம்பி, போலீஸ்காரன் பாத்தான்னா வம்பு."

அதிசயத்தைக் கண்டால் ஆளுக்கொரு குணம். பால்துரைக்குக் கொட்டாவி வரும். சாயர்புரத்துக்காரர், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளான்ட் ஒன்றில் சூப்பர்வைசராக வந்து, இங்கேயே மீசை நரைத்து, ஊருக்குப் போனாலும் ஒரு வாரத்தில் தூக்கம் பிடிக்காமல் திரும்பி ஓடிவருகிற ஆள். அதே பிளான்ட்டில் மெக்கானிக் வேலைக்கு நயினாரின் அப்பா ஆதிலிங்கத்தை இந்த ஊருக்கு அழைத்துவந்தவரும் அவர்தான். அதனால் நயினார் எந்தக் கேள்வி கேட்டாலும் அவருக்கு முதலில் ஒரு சங்கடம் வரும், பிறகுதான் பதில் வரும்.

நகரம் நயினார் நினைத்துவந்ததுபோல இல்லை. அந்நிய தேசத்துக்கு வருகிறோம், எல்லாமே வேறாக இருக்கும், அந்த வேற்றுமையில் அப்பா தொலைந்துபோனதும் ஒன்றாகக் கரைந்துவிடும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். இங்கேயோ அதே ஆடு, அதே புழுதி, அதே உப்புக்காற்று, அதே கருவாட்டு வாசம், கடவுள் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு கதவோரம் ஒருத்தன் தொங்கிக் கூவி ஆள் ஏற்றுகிற அதே மினிபஸ், சுவர் சுவராக அதே செத்தவர்களின் படங்கள். நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி என்று ஒட்டுவதைப்போல இங்கேயும் சிவப்புக் கரை போட்டு, பிறந்த வருஷம் இறந்த வருஷம் போட்டு, மேலே ஒரு வரி ஆங்கிலத்தில் அழுது ஒட்டியிருந்தார்கள். துறைமுகம் வந்து சேரும்வரை அவன் ஒவ்வொரு சுவரொட்டியிலும் அப்பாவின் முகத்தைத் தேடிக்கொண்டே வந்தான். இருந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது, இருந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

ஏனென்றால் ஆதிலிங்கம் செத்தாரா இருக்கிறாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. நடுக்கடலில் ஒரு டிராலரில் மீன் வைக்கும் குளிர் அறை பழுதாகிவிட்டது என்று செய்தி வர, அதைச் சரிசெய்யப் பையைத் தூக்கிக்கொண்டு படகேறிப் போனவர். அவரும் வரவில்லை, டிராலரும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நயினாருக்கு இப்போது மீசை முளைத்து, வேலை கிடைத்து, தங்கை கோமதிக்குத் தை மாதம் கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா 'அமரர்' போடுவதா என்று அச்சாபீஸ்காரர் கேட்டதில்தான் வீடு இரண்டாகிப்போனது. தாய்மாமன் அவசரமாகப் படத்தை வைத்துக் கருமாதி முடித்துவிடலாம் என்றார். அம்மா பிரம்மசக்தி நெற்றியில் இருந்த குங்குமத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "பாத்தவுக யாராவது வந்து சொல்லட்டும், அப்புறம் அழிக்கேன்" என்றாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, "யய்யா, நீ போய்ப் பாத்துட்டு வா. ஒண்ணு அவுகளக் கூட்டிட்டு வா. இல்லன்னா 'இல்ல'ன்னு ஒரு வார்த்த கொண்டுட்டு வா. இப்படி ரெண்டுங்கெட்டானா என்னால மணவறையில நிக்க முடியாது" என்றாள்.

ஆகவே அவன் வந்தது ஒரு வார்த்தைக்காக.

மறுநாள் பால்துரை அவனைக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கடலை நோக்கி இறங்குகிற மீனவர் பகுதிக்கு அழைத்துப்போனார். அந்த இடத்தைச் சரிவு என்றே எல்லோரும் சொன்னார்கள். தகரக் கூரைகளும் மீன் புகைபோடும் வட்ட அடுப்புகளும் நெருக்கியடித்த அந்தச் சந்துகளில் கால்வைத்ததுமே பால்துரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "கீழ பாத்து நட. யாரையும் மிதிச்சிராத" என்றார். கீழே யாரும் படுத்திருக்கவில்லை. நிழல்கள்தான் கிடந்தன. ஆளில்லாத நிழல்கள்.

அந்த நகரத்தில் விடைபெறும்போது யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. 'ஐ கோ கம்' என்பார்கள், அதாவது போய் வருகிறேன். கடைத்தெருவிலும் சொல்வார்கள், ஆபீசிலும் சொல்வார்கள், சொன்னவர்கள் வந்தாலும் உண்டு வராவிட்டாலும் உண்டு, அதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. இந்தச் சரிவில் மட்டும் அந்த வார்த்தையை நிழல் கேட்டுக்கொண்டுவிடும். சொன்னவன் கிளம்பிப் போவான். நிழல், வருகிறேன் என்றாரே என்று நின்ற இடத்திலேயே நின்றுகொள்ளும். அவன் திரும்பி வந்து அதே இடத்தில் கால்வைத்ததும் எழுந்து ஒட்டிக்கொள்ளும். எப்போதிருந்து இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், சொல்லும்போதே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் எப்படி வந்தது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இருப்பதை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவதே பெரும்பாடாக இருந்தது.

குடித்தனம் நடத்தத்தான் செய்தார்கள். சந்தைக்குப் போன பெண்களின் நிழல்கள் வாசலில் நிற்கும், பிள்ளைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு பந்து விளையாடுவார்கள். முடிவெட்டுகிறவரின் ஒரே நாற்காலியில் பாதி முகம் மழித்தபடி எழுந்து, 'போய் வருகிறேன்' என்று போன ஒருவன் லிபியாப் பக்கம் போய்விட்டான், அதனால் அவர் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டார், பழைய நாற்காலியை வாரத்துக்கொருமுறை துடைத்துவைப்பார். வாடகைக்கு விடும் அறைக்குள் நிழல் இருந்தால் சொல்லித்தான் விட வேண்டும். உச்சிவேளையில் அவை காலடி அளவுக்குச் சுருங்கிவிடும், அப்போது பெண்கள் சுளகையும் கூடையையும் கவிழ்த்துவைத்து மூடுவார்கள், யாரும் மிதித்துவிடக் கூடாது என்று. வெளியூர்களில் பிழைப்புக்குப் போய்த் தொந்தியோடு திரும்பியவர்களுக்குத் தங்கள் பழைய நிழல் இடுப்பில் பிடிக்கும், கொஞ்ச நாள் இழுத்து இழுத்து நடப்பார்கள். வீடு வீடாக வருகிற இன்சூரன்ஸ்காரர்கள் இங்கே மட்டும் 'பை பை' என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகளும் கடல் தாண்டிப் போகும்போது சில சமயம் வேண்டுமென்றே 'பை பை' என்று சொல்வதுண்டு. அந்த வீடுகளில் நிழல் இருக்காது, அந்தத் தாய்மார்களிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

ஐஸ் பிளான்ட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு கென்கே கடை இருந்தது. புளித்த மக்காச்சோள மாவைச் சோளத்தோலில் சுற்றி அவித்து, பொரித்த மீனோடும் மிளகாய்த் துவையலோடும் தருகிற கடை. அதன் பெஞ்சில் ஓரமாக, காலியாக விடப்பட்ட ஒரு ஆள் இடத்தில், ஒரு நிழல் உட்கார்ந்திருந்தது. உடம்பு பெஞ்சிலும் தலை பின்சுவரிலுமாக விழுந்திருந்தது. இடது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. காதுக்குமேலே ஒரு பென்சில் துருத்திக்கொண்டிருந்தது.

நயினார் அந்தப் பென்சிலையே பார்த்தான். அப்பா எப்போதும் காதில் பென்சில் வைத்திருப்பார், அதை வைத்துக்கொண்டே வீடு முழுக்கப் பென்சில் தேடுவார். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்போல இருந்தது, அப்பா முன்னால் சரிசமமாக உட்கார்ந்து பழக்கமில்லாததால் நின்றுகொண்டே இருந்தான். கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"சாப்ட்டியால?"

அப்பாவின் பேச்சு அது, அப்பாவின் இழுப்பு, ஆனால் கேட்டது ஒரு பெண் குரல். கடைக்கார அம்மாள் கரண்டியோடு நின்றிருந்தாள். கோர்க்கோர் என்று பெயர், ஆன்ட்டி கோர்க்கோர் என்று சரிவே கூப்பிட்டது. பருத்த உடம்பும் ஓய்ந்த கண்களும் உள்ளவள். அவள் பேச்சில் பாதி அந்த ஊர் இங்கிலீஷ், பாதி ஆதிலிங்கத்தின் தூத்துக்குடித் தமிழ். அவர் அவளிடம் பேசியே அவள் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் அதில் ஒருமை மட்டும்தான் இருந்தது, மரியாதை என்று ஒன்று அந்த மொழியில் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

"உன் மொகம் அவன் மொகம்" என்றாள். "வருவேன்னு சொன்னான். பை எடுத்தான், ஐ கோ கம் சொன்னான். இங்கதான் இருக்கான். உங்கம்மாகிட்ட சொல்லு, பத்திரமா இருக்கான்னு."

நயினார் பால்துரையைப் பார்த்தான். பால்துரை கடலைப் பார்த்தார்.

சொல்லாமல் எப்படியும் முடியாது என்பதால் அன்று ஐஸ் பிளான்ட் மெஸ்ஸில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உங்க அப்பா இங்க அந்த அம்மா வீட்லதான் இருந்தாரு தம்பி. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல. இங்க ஒரு பொம்பளையக் கட்டணும்னா ஆம்பள வீட்டு ஆளுங்க சாராயப் பாட்டில் எடுத்துட்டு வந்து அவ வீட்டுக் கதவத் தட்டணும். இவருக்குத் தட்ட ஆளு ஏது? ஊர்ல பொண்டாட்டி இருக்கையில தட்டச் சொல்ல வாயும் ஏது? அதனால ஊரு முன்னால அவ பொண்டாட்டி இல்ல, ஆனா அவளப் போல யாரும் காத்துக்கெடந்ததும் இல்ல.

நயினாருக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். அப்பாவைத் திட்ட நினைத்தால் பெஞ்சில் தோள் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிற அந்தக் கறுப்பு உருவம்தான் ஞாபகம் வந்தது, அதை எப்படித் திட்டுவது. அம்மாவுக்குப் போன் செய்து நிழலைப் பற்றி மட்டும் சொன்னான்.

பிரம்மசக்தி ஆச்சரியப்படவில்லை. "மெலிஞ்சிருக்காவளா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. நிழல்தான."

"அத வச்சி உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாதா?"

தெரியாது. ஆள் செத்தாலும் நிழலுக்குச் செய்தி போவதில்லை, சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும். அதை அனுப்பிவைக்க இருந்த வழி ஒன்றே ஒன்று. இரத்த உறவோ தாலி கட்டிய உறவோ, செவ்வாய்க்கிழமை பகலில், நிழலின் காதில் விழும்படி, அதன் தாய்மொழியில் 'போ' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை, அன்றைக்குக் கடலைக் கடலுக்கே விட்டுவிடுவார்கள், ஆகவே போகிற நிழலுக்கு வழி காலியாக இருக்கும். சொல்லிவிட்டால் நிழல் போய்விடும். ஆள் இறந்திருந்தால் அதோடு அவருக்கு நிம்மதி. ஆள் எங்கோ உயிரோடு இருந்தால், வீடு திரும்பும் வழி அந்த நிமிஷத்தோடு அவருக்கு மறந்துபோகும், இனி எந்தக் காலத்திலும் வரமாட்டார். இரண்டில் எது நடந்தது என்று சொன்னவருக்குக் கடைசிவரை தெரியாது. அதனால்தான் சரிவில் பெரும்பாலானவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லாமலே காலத்தை ஓட்டினார்கள், அதனால்தான் அங்கே கால்வைக்க இடமில்லாமல் நிழல்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள், "நீ சொல்லிருய்யா. என்னால ஆகாது. நீ ஆம்பளப் பிள்ள, பெத்த பிள்ள, ஒனக்கு உரிமை இருக்கு."

இந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு அவன் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தான். அதற்குள் ஹார்மட்டான் தொடங்கிவிட்டது. பாலைவனத்திலிருந்து இறங்குகிற அந்தப் புழுதிக்காற்று வந்தால் வானம் சாம்பல் பூசியதுபோல ஆகி, சூரியன் மங்கி, சரிவில் நிழல்களெல்லாம் வெளிறிப்போகும். தாய்மார்கள் வாசலில் குனிந்து குனிந்து பார்ப்பார்கள், டார்ச் அடித்துத் தேடுவார்கள், இருக்கிறது என்று கண்டால் பெருமூச்சு விடுவார்கள். ஊரே ஒரே இருமலும் உதட்டு வெடிப்புமாக இருந்தது. நயினார் துறைமுகத்துச் சுவரோரம் போய் நின்று, போ, போ என்று சொல்லிப் பழகினான். யோசித்துப் பார்த்தால் அவன் வாழ்நாளில் அந்தச் சொல்லைக் கோழியிடமும் தெருநாயிடமும் கோமதியிடமும் மட்டுமே சொல்லியிருந்தான்.

கோர்க்கோர் தடுக்கவில்லை. எனக்கு உரிமை இல்லை என்று ஒதுங்கி நின்றாள். செவ்வாயன்று அந்த ஊர்த் துக்க வழக்கப்படி கறுப்பும் சிவப்புமாகத் துணி உடுத்திக்கொண்டு, கடையை மூடி, நிழலின் முன்னால் ஒரு தட்டில் கென்கேயும் மீனும் வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். அக்கம்பக்கத்தார் கூடினார்கள், மீனவர்கள் வலையை ஓரமாக இழுத்துப்போட்டு வழிவிட்டார்கள். நயினார் முன்னால் வந்து நின்றான். அப்பா ஒவ்வொரு தடவை ஊரிலிருந்து கிளம்பும்போதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை அவன் போவான், அம்மா வாசற்படியில் நிற்பாள், எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை. அவன் வாயும் அந்த வார்த்தைக்குப் பழகிய வாய். தகப்பனைப் போ என்று சொல்ல அது எங்கே கற்றுக்கொண்டது?

"போயிட்டு வாங்கப்பா" என்றான்.

நிழல் எழுந்தது. காதில் பென்சில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டது. தோள் தாழ்ந்த நடையில் சந்தில் இறங்கி, வழிவிட்ட கூட்டத்தைக் கடந்து, மணலைக் கடந்து, தண்ணீருக்குள் போய்விட்டது. பெண்கள் பாட்டெடுத்தார்கள். கோர்க்கோர் மண்ணில் விழுந்து அழுதாள். அவ்வளவு கூட்டத்தில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் பால்துரை ஒருவர்தான், அவர் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

"என்னல சொல்லித் தொலச்ச?"

"போகத்தான அண்ணாச்சி சொன்னேன்."

"வாங்கன்னும் சொன்னியேல."

பொழுது சாய்வதற்குள் அது வந்துவிட்டது. மணலில் ஈரக்கோடு இழுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, சந்தில் ஏறிவந்து பெஞ்சில் உட்கார்ந்தது. உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மறுபடி எழுந்தது, மறுபடி கடலுக்குப் போனது, மறுபடி வந்தது. போயிட்டு வா என்று பெற்ற பிள்ளை சொல்லிவிட்டான், அது போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. வெயில் இருக்கிற நேரமெல்லாம் அதே வேலை.

சரிவு இதையும் பழகிக்கொண்டது. மீனவர்கள் படகுகளை அதன் வழியை விட்டு நகர்த்திக் கட்டினார்கள். கோர்க்கோர் பெஞ்சின் கீழே சாக்கு விரித்துவைத்தாள். உப்புநீர் பட்டுப் பட்டு பின்சுவரில் காரை உதிர்ந்தது. முன்பெல்லாம் சாப்பிட வந்தவர்கள் அந்த நிழலோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள், இப்போது அதைப் பார்க்கவே சகிக்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அது நாளுக்கு நாள் மெலிந்தது, இது நிஜமாகவே மெலிந்தது, பென்சிலுக்கும் காதுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு. நயினார் அதன் பின்னாலேயே கடலுக்கும் கடைக்குமாக நடந்தான். தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு வழியில் குறுக்கே நின்று, "போங்கப்பா" என்று சொல்லிப் பார்த்தான். நிழலின் தோள்கள் குலுங்கின. நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே சொன்ன பிறகுதான் உறைத்தது. கேலி பண்ணுகிற அப்பனிடம் பிள்ளை சிணுங்கிக்கொண்டு சொல்கிற வார்த்தை அது. அப்பா சிரித்துக்கொண்டே அவனைத் தாண்டித் தண்ணீருக்குள் போனார். அதற்குக் கீழே இறங்க நயினாரால் முடியவில்லை. நாக்கைப் பல்லில் கடித்துப் பார்த்தான், அழுது பார்த்தான், 'ங்க' இல்லாமல் அந்தச் சொல் வெளியே வரவே இல்லை.

திங்கட்கிழமை கோர்க்கோர் அவனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"உக்காந்திருந்தப்ப எனக்கு அவன் இருந்தான்" என்றாள். "இப்ப எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. ஒரு வாய் சாப்பிட நேரம் இல்ல அவனுக்கு. என் வாயில அந்தச் சொல்லு இருக்குல. தெனம் சொல்லிப் பாத்தேன். நான் சொன்னா கேக்காது, நான் யாரு? உங்கம்மா சொல்லட்டும்."

நயினார் அம்மாவுக்குப் போன் செய்து, தான் செய்த முட்டாள்தனத்தை மறைக்காமல் சொன்னான். பிரம்மசக்தி அவனைத் திட்டவில்லை. "நானா இருந்தாலும் அதத்தாம்யா சொல்லிருப்பேன்" என்றாள். நாளைக்குக் கூப்பிடு என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் செவ்வாய். புழுதி கொஞ்சம் விலகி வெயில் தெரிந்தது. கூட்டம் கூடவில்லை, நயினாரும் கோர்க்கோரும் பால்துரையும்தான். நிழல் ஈரத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்த நேரம் பார்த்து, நயினார் போனை ஸ்பீக்கரில் போட்டு அதன் பக்கத்தில் வைத்தான். தூத்துக்குடி வீட்டில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. இங்கே கோர்க்கோர் வாயில் துணியை அடைத்துக்கொண்டு விம்மினாள், அது அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"அது யாருய்யா அழுறது?"

"அப்பாவுக்குச் சோறு போட்டவங்கம்மா" என்றான்.

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் துண்டித்துவிடுவாள் என்று அவன் நினைத்தான். பால்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லாப் பாத்துக்கிட்டாளா?" என்று கேட்டாள் பிரம்மசக்தி. குரல் வறண்டிருந்தது.

"நல்லாப் பாத்துக்கிட்டாங்கம்மா."

"அவகிட்ட கேட்டியா? சரின்னுட்டாளா?"

"அவங்கதாம்மா உங்களச் சொல்லச் சொன்னாங்க."

"சரி" என்றாள். பிறகு, "உசுரோட இருந்தாலும் இனி வரமாட்டாவ. அதான?"

"ஆமாம்மா."

"சரி" என்றாள் மறுபடியும். அதற்குப் பிறகு அவள் மகனிடம் பேசவில்லை. "என்னங்க" என்று கூப்பிட்டாள். பெஞ்சில் எழப்போன நிழல் அப்படியே நின்றது. "கோமதிக்கு மாப்பிள பாத்தாச்சு. நல்ல பையன், தச்சநல்லூர்ப் பக்கம். உங்கள மாதிரி பேசவே மாட்டான், சும்மா சிரிப்பான். எல்லாம் தோது பண்ணியாச்சு, நீங்க ஒண்ணும் நெனைக்காதிய. இவ்வளவு நாளு வருவிய வருவியன்னு நானும் வாசலப் பூட்டாமதான் இருந்தேன். உங்களக் கொற சொல்ல மாட்டேன். இனி வர வேண்டாம். அலையாதிய. நீங்க போங்க."

நிழல் அசையவில்லை. போகவும் இல்லை, உட்காரவும் இல்லை, பாதி எழுந்த வாக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. நயினார் அதை அம்மாவிடம் சொன்னான். அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. கல்யாணமான நாள் முதலாக அந்த மனிதரின் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் மகனைச் சொல்லச் சொல்வாள். கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால் கோமதியைச் சொல்லச் சொல்வாள். அதே பெயருள்ள எதிர்வீட்டுச் சின்னப் பிள்ளையைக்கூட 'அந்தப் பேருக்காரப் பய' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆதிலிங்கம்" என்றாள்.

சுவரில் நிழலின் தலை நிமிர்ந்தது.

"ஏல ஆதிலிங்கம்." குரல் உடைந்தது, உடைந்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெருவில் ஏறிவந்த நாயை விரட்டுகிற சத்தத்தில் கத்தினாள். "போ! போல இங்கருந்து! போ!"

நிழல் காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தது. ஒருதரம் கோர்க்கோர் பக்கம் திரும்பியது. பிறகு சந்தில் இறங்கியது. இந்த முறை மணலில் ஈரக்கோடு விழவில்லை. அலைக்கு முன்னாலேயே, வெள்ளை மணலில் நடந்துகொண்டிருக்கும்போதே, வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது, கால் போனது, தாழ்ந்த தோள் போனது, அப்புறம் மணல் மட்டும் இருந்தது. கோர்க்கோர் எழுந்துவந்து பெஞ்சில் அந்த ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் ஈரப் பலகையில் வைத்துக்கொண்டாள்.

நயினார் போனைக் கையில் எடுத்தான். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை, நிறுத்திவிட்டிருந்தாள்.

"யய்யா" என்றாள் பிரம்மசக்தி. அவள் குரல் பழையபடி தணிந்திருந்தது. "போயிட்டாவளா?"

"போயிட்டாவம்மா" என்றான் அவன்.